உருக்கி ஊற்றிய கடிகாரக்காரர்

பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் (1704 – 1776)



எடிசன், ஜேம்ஸ் வாட், நம்ம கோவை ஜி.டி.நாயுடு ஆகியோரின் வாழ்க்கையை ஆண்டு மலர்களில் நிறையப் படித்திருப்பீர்கள். நான் எழுத எடுத்துக் கொண்டவரும் உலகம் அறிந்தவர்தான். ஆனால் நம்ம பாடத்தில் க்ரூசிபிள் ஸ்டீல் என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரியில் வந்து போய்விடுவார். இரண்டு மார்க் கேள்வி. எழுதிவிட்டு மறந்துவிடுவோம். அவர் பெயர் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன்.

முதல் வருஷம் கார்பென்ட்ரி ஷாப்பில் கட்டையை இழைத்து இழைத்துக் கை காய்த்துப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஷாப்பில் நமக்குக் கொடுப்பது இரும்பு ஜாக் பிளேன். வெளியே மர வேலைக்காரர்கள் பரம்பரையாக வைத்திருப்பது மரக்கட்டை இழைப்புளி. ஒரு நல்ல கட்டை, நடுவே ஒரு வாய், அதில் சாய்வாக ஒரு பிளேடு, அதை இறுக்க ஓர் ஆப்பு, அவ்வளவுதான். அந்தப் பிளேடுகளில் பழசாக ஏதாவது கையில் கிடைத்தால் துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். மேல் பக்கத்தில் கம்பெனி பெயர் இருக்கும். ஷெஃபீல்டு என்று ஊர் பெயர் இருக்கும். கூடவே காஸ்ட் ஸ்டீல் என்று இரண்டு வார்த்தை குத்தியிருக்கும். காஸ்ட் என்று பார்த்ததும் வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. வார்ப்பிரும்பை இப்படிக் கூர்முனையாகத் தீட்டினால் முனை பொடிந்து விடும். காஸ்ட் ஸ்டீல் என்றால் முழுசாக உருக்கி, தண்ணீர் போல் ஆக்கி, அச்சில் ஊற்றிய உருக்கு. அந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பின்னால் நிற்கிறவர்தான் ஹண்ட்ஸ்மன்.

இவர் 1704-ம் ஆண்டு இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அம்மா விவசாயம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஆடம்பரம் கூடாது, பேருக்கும் புகழுக்கும் ஆசைப்படக் கூடாது என்பதில் குவேக்கர்கள் பிடிவாதமானவர்கள். இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஹண்ட்ஸ்மன் கற்றுக் கொண்டது கடிகார வேலை. டான்காஸ்டர் என்ற ஊரில் கடை போட்டுக் கடிகாரம், பூட்டு, சின்னச் சின்ன கருவிகள் எல்லாம் செய்து கொடுத்தார். கை ராசிக்காரர் என்று பெயர். எதையும் பிரித்து மேயாமல் விடமாட்டார். சுற்று வட்டாரத்தில் கண் வைத்தியம், கட்டி அறுப்பது போன்ற சிகிச்சைக்குக்கூட அவரைத் தேடி வந்தார்களாம். கடிகாரக்காரரிடம் கண் வைத்தியமா என்று சிரிக்காதீர்கள், நம்ம ஊரிலும் பட்டறைக்காரர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது உண்டு.

அவருடைய தலைவலி கடிகாரத்தின் ஸ்பிரிங். ஒரே மாதிரி இழுத்து, ஒரே மாதிரி சூடு காட்டி, ஒரே மாதிரி தோய்த்தாலும் ஒரு ஸ்பிரிங் நன்றாக ஓடும், இன்னொன்று பட்டென்று ஒடியும், மூன்றாவது நாலு மாசத்தில் தளர்ந்து போகும். இது தன் கைக் குற்றம் இல்லை, வாங்குகிற உருக்கின் குற்றம் என்று அவருக்குப் புரிந்தது.

அந்தக் காலத்து உருக்கு எப்படித் தயாரானது என்று கொஞ்சம் பார்ப்போம். சுவீடனிலிருந்து வந்த நல்ல தேனிரும்புப் பட்டைகளைக் கரித்தூளோடு கல் பெட்டியில் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரம் போல் விடாமல் எரிப்பார்கள். இரும்பு உருகாது. பழுக்கக் காய்ந்தபடியே கிடக்கும். கரியில் இருக்கிற கார்பன் மெல்ல மெல்ல இரும்புக்குள் இறங்கும். வெளியே எடுத்தால் பட்டை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். அதனால் பெயரே கொப்புள உருக்கு. இதில் என்ன தொல்லை? தோலில் கார்பன் ஜாஸ்தி, உள்ளே போகப் போகக் கம்மி. போதாததற்குத் தேனிரும்பில் இருந்த கசடு இழை இழையாக அப்படியே நிற்கும். பட்டைகளை ஒடித்து, அடுக்கி, காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒட்டினால் ஓரளவு சீராகும். ஆனால் முழுசாகச் சீராகாது. பாதி வெந்த சோற்றைக் கிளறிக் கிளறிப் பதம் கொண்டுவரப் பார்ப்பது போலத்தான்.

ஹண்ட்ஸ்மன் கேட்ட கேள்வி எளிமையானது. இதை முழுசாக உருக்கிவிட்டால் என்ன? உருகி விட்டால் கார்பன் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும். கசடு மிதந்து மேலே வந்துவிடும். யோசனை சுலபம், காரியம்தான் கஷ்டம். 1500 டிகிரி சென்டிகிரேடு சூட்டை எட்டிப் பிடிக்க வேண்டும். அந்தச் சூட்டை அன்றைக்கு ஐரோப்பாவில் எந்த உருக்குப் பட்டறையும் பார்த்ததில்லை. அந்தச் சூட்டில் உருக்கை ஏந்திக் கொண்டு உருகாமல், வெடிக்காமல் நிற்கிற பாத்திரமும் இல்லை.

டான்காஸ்டரில் ஆரம்பித்த சோதனையை 1740-ல் ஷெஃபீல்டு பக்கத்தில் ஹேண்ட்ஸ்வொர்த் என்ற கிராமத்துக்கு மாற்றினார். கத்தி, கத்தரி, அரம், உளி என்று கூர்முனை செய்கிறவர்கள் நிறைந்த வட்டாரம் அது. நிலக்கரியும் உண்டு. அதைச் சுட்டு எடுத்த கோக் கரியை எரித்து, உயரமான புகைபோக்கி வைத்து, காற்று இழுப்பாலேயே சூட்டை ஏற்றினார். நகை வேலை செய்கிற இடத்தில் மூசை பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான், கொஞ்சம் பெரிசு. களிமண் மூசை ஒன்றில் சுமார் 15 கிலோ கொப்புள உருக்கை உடைத்துப் போட்டு, கசடு பிரியக் கொஞ்சம் மருந்துப் பொடி சேர்த்து, மூடி போட்டு, மூன்று மணி நேரம் சூட்டில் வைத்து, பிறகு இடுக்கியால் தூக்கி அச்சில் ஊற்றுவது. ஷெஃபீல்டில் பிற்காலத்தில் இந்த மூசைக்கு மண் பிசைய என்றே ஆட்கள் இருந்தார்கள். வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். ஒரு சின்னக் கல் இருந்தாலும் காலுக்குத் தெரிந்துவிடும். கல்லோடு மூசை செய்தால் உலைக்குள் வெடித்து அத்தனை உருக்கும் நெருப்பில் போய்விடும்.

எத்தனை தடவை தோற்றார் என்று கணக்கு ஏதும் எழுதி வைக்கவில்லை. ஆனால் சாட்சி இருக்கிறது. அவர் காலமான பிறகு பட்டறையைச் சுற்றி மண்ணைத் தோண்டியபோது, கெட்டுப் போன உருக்குக் கட்டிகள் பல இடங்களில் புதைந்து கிடைத்தன என்று எழுதியிருக்கிறார்கள். சரியாக வராத ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் மண்ணில் புதைத்துவிட்டு அடுத்த மூசையை ஏற்றியிருக்கிறார்! எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப் போனதே இந்த இடத்தில்தான். லேபில் ஒரு ரீடிங் தப்பாக வந்தால் நாம் பக்கத்து நோட்டைப் பார்க்கிறோம்.

ஒரு வழியாக உருக்கு வந்தது. வெட்டிப் பார்த்தால் தோலும் நடுவும் ஒரே மாதிரி. ஸ்பிரிங்குக்குப் பொருத்தம், ரேசருக்குப் பொருத்தம், உளிக்குப் பொருத்தம். ஷெஃபீல்டுக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! அவர்கள் வழக்கமாக அடித்த ஜெர்மன் உருக்கைவிட இது கெட்டி. அதே சூட்டில் அதே சம்மட்டியை வீசினால் வளையாது. புதுசாகக் கை பழக வேண்டும். எதற்கு இந்த வம்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஹண்ட்ஸ்மனுக்கு வேறு வழி? கடல் தாண்டி பிரான்சுக்கு அனுப்பினார். ரொம்ப காலம் அவர் செய்த சரக்கு முழுவதும் அங்கேதான் போனது. பிரெஞ்சுக்காரர்கள் அதில் கத்தியும் ரேசரும் செய்து, அதை இங்கிலாந்துக்கே கொண்டு வந்து விற்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஷெஃபீல்டுக்கு வயிறு கலங்கியது. கலங்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த உருக்கை வாங்கிப் பழகவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது என்று தடை வாங்கப் போனார்கள்! அது நடக்கவில்லை. பிறகுதான் வேறு வழியில்லாமல் அவர் வாசலுக்கு வந்தார்கள். பக்கத்துத் தெருவில் கிடைத்ததை பிரான்சைச் சுற்றி வந்த பிறகு வாங்கினார்கள்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு அவர் பேட்டன்ட் வாங்கவில்லை. பேட்டன்ட் வாங்கினால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் ரகசியமாக வைத்துக் கொண்டார். ஆனால் ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? சாமுவேல் வாக்கர் என்ற வார்ப்படக்காரர் குளிர் ராத்திரியில் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து, உலை ஓரமாகப் படுத்துக் கொள்ள இடம் கேட்டு, தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்து எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டு போனார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, எம்.ஜி.ஆர். படம் மாதிரி. எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஒரு ராத்திரி ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக் கொள்கிற வேலையா இது? மூசை மண் பக்குவம் ஒன்றுக்கே வருஷக்கணக்காகும். எப்படியோ, வாக்கரும் உருக்கு ஊற்ற ஆரம்பித்தார், பின்னால் மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். அதனால் ஹண்ட்ஸ்மன் கெட்டுப் போகவில்லை. அவர் பெயரைச் சொன்னாலே தரம் என்று ஆகிவிட்டது. ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியாக இருந்த மாத்யூ போல்டன் இவரிடம் உருக்கு வாங்கியவர்.

ஷெஃபீல்டை ஒட்டிய அட்டர்கிளிஃப் என்ற இடத்துக்குத் தொழிலை மாற்றி அங்கே நன்றாகவே இருந்தார். ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆகும்படி அழைப்பு வந்தது என்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தன்னைப் படம் வரையவும் விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு மேலே மூசைப் படம் போட்டிருக்கிறதே தவிர ஆள் படம் இல்லை. 1776-ல் காலமானார். மகன் வில்லியம் தொழிலைத் தொடர்ந்து நடத்தினார்.

இழைப்புளிப் பிளேடுக்கு இந்த உருக்கு எப்படி வந்தது என்பது ஒரு கிளைக் கதை. அதில் நம்ம தமிழ்நாடு வருகிறது. முழுப் பிளேடையும் மூசை உருக்கில் செய்தால் விலை கட்டாது, தீட்டுவதற்கும் சிரமம். அதனால் பிளேடின் உடம்பு தேனிரும்பு. முனைப் பக்கம் மட்டும் ஒரு தகடு உருக்கைக் காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். நம்ம கொல்லுப் பட்டறையில் மண்வெட்டிக்கு முனை வைக்கிறதைப் போல. ஆனால் இந்த உருக்கு இரும்போடு லேசில் ஒட்டாது. இதற்கு வழி கண்டவர் ஜோசயா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சென்னை மாகாணத்துக்கு வந்து, சேலம் பக்கத்து இரும்புத் தாதுவை நம்பி 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை போட்டவர். உருக்கில் மாங்கனீசு சேர்த்தால் இரும்போடு நன்றாக ஒட்டுகிறது, விலையும் இறங்குகிறது என்று காட்டி 1839-ல் பேட்டன்ட் வாங்கினார். ஹண்ட்ஸ்மன் பேட்டன்ட் வாங்காமல் ரகசியத்தை இழந்தார், இவர் பேட்டன்ட் வாங்கியும் இழந்தார். இவரிடமே ஏஜென்டாக இருந்தவர் அதே வேலையை வேறு மலிவான வழியில் செய்ய ஆரம்பித்தார். கோர்ட்டு, கேஸ் என்று அலைந்தே ஹீத் செத்துப் போனார். 1855-ல் வந்த கடைசித் தீர்ப்பும் அவருக்கு விரோதமாகத்தான் வந்தது.

இதே ஹீத், இந்தியாவில் உருக்கு எப்படிச் செய்கிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். சின்னக் களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டு, கூடவே நறுக்கின ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை, அதற்கு மேல் களிமண் அடைப்பு. பிறகு துருத்தி. காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற வழியில் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெரிகிற அதே ஆவாரை, அதே எருக்கு! குச்சியும் இலையும் கார்பன் கொடுக்க, மூசைக்குள்ளேயே உருகி, மூசைக்குள்ளேயே ஆறிக் கட்டியாகும். ஹண்ட்ஸ்மன் செய்தது வேறு முறை, அவர் தயாரான உருக்கை உருக்கி ஊற்றினார். ஆனால் மூசையில் உருக்குவது என்பது நம்ம கொங்கு மண்ணுக்குப் புதுசு இல்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தபோது இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் மிச்சம் கிடைத்தது. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிறது. நாம் அந்தப் பொருளுக்கு வைத்திருக்கிற பெயரையே பாருங்கள். உருக்கு. பெயரிலேயே செய்முறை இருக்கிறது.

நான் இதையெல்லாம் தேடிப் போனதற்குக் காரணம் எங்க அப்பாவின் பெட்டி. அப்பா காரமடையில் மர வேலை. எங்க அப்பாரும் அதே வேலைதான், பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். ஊட்டி, குன்னூர் பங்களாக்களிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம் பழைய இரும்புக் கடையில் விழுந்த சாமான்களில் அப்பாரு பொறுக்கி எடுத்து வந்த பிளேடுகள் அதில் ஏழு இருந்தன. இப்போது கரண்டு பிளேனர் வந்துவிட்டது, பிளைவுட்டை இழைக்கவே வேண்டாம். பெட்டியை எடைக்குப் போட்டு விடலாம் என்று பேச்சு வந்தது. நான் துருவைத் தேய்த்து எழுத்தைப் படித்துச் சொன்னேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆனால் காஸ்ட் ஸ்டீல் என்று குத்திய நாலு பிளேடுகளை நான் படிப்பதற்கு முன்னாலேயே அவர் தனியாக எடுத்து வைத்திருந்தார். எப்படி என்று கேட்டேன். காட்டிக் கொடுத்தார். அதோடு நம்ம ஷாப்பில் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன், உங்கள் வீட்டிலும் பரணில் ஏதாவது கிடக்கலாம்.

முதலில் தடிமனைப் பாருங்கள். பழைய பிளேடு முனைப் பக்கம் தடிமனாகவும் மேலே போகப் போக மெல்லிசாகவும் இருக்கும். இரும்பு பிளேனுக்கு வருகிற பிளேடு மேலிருந்து கீழ் வரை ஒரே மெல்லிசு. அடுத்து, சரிவாகத் தீட்டின முகத்தைக் கல்லில் நாலு தேய் தேய்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு ஒரு பக்கம் ஒரு பளபளப்பு, மறு பக்கம் வேறு பளபளப்பு. முனையை ஒட்டியது உருக்கு, மற்றது இரும்பு. சந்தேகம் இருந்தால் சாணையில் லேசாகத் தொட்டு எடுங்கள். இரும்பின் பொறி நீளமாகக் கோடு போட்டுப் போகும். உருக்கின் பொறி மத்தாப்பு மாதிரி பூத்துப் பூத்து வெடிக்கும்.

பிறகு எவ்வளவு உருக்கு மிச்சம் என்று பார்க்க வேண்டும். ஒட்டின தகடு நடுவில் இருக்கிற நீளத் துவாரத்துக்குச் சற்று முன்னால் வரைதான் இருக்கும். தட்டையான முகத்தில் தேய்த்தால் அது முடிகிற இடம் தெரியும். அங்கே வரைக்கும் தேய்ந்திருந்தால் அந்தப் பிளேடின் ஆயுசு முடிந்தது, இரும்புக் கடைக்கே போகட்டும். தட்டை முகத்தில் முனைக்குப் பக்கத்தில் துரு குழி விழுந்திருந்தால் கூர் நிற்காது. குழி தாண்டும் வரை சாணை பிடிக்க வேண்டும், அல்லது தட்டை முகத்தையே கல்லில் தேய்த்து எடுக்க வேண்டும். சரிவுப் பக்கத்து இரும்பில் குழி இருந்தால் கவலையே வேண்டாம்.

முனை நீலம் பாரித்திருந்தால் யாரோ சாணையில் அழுத்திப் பிடித்துப் பதத்தைக் கெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் பதம் இருக்கிறது, கடித்தால் போய்விட்டது. நீலம் முனையோடு நின்றால் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அந்த அளவுக்குச் சாணை பிடித்து எடுத்தால் போதும். முழுசாகப் போயிருந்தால் காந்தம் ஒட்டாத சூடு வரை முனையைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பளபளப்பாகத் தேய்த்து, மெல்லச் சூடு காட்டி வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட் பாடத்தில் டெம்பரிங் கலர் என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். சரிவு 25 டிகிரி, கடைசியாகக் கல்லில் முனையை மட்டும் 30 டிகிரியில் இரண்டு இழுப்பு.

இன்னொரு விஷயம் அப்பா சொன்னது. முனை தடிமனாக, மேலே மெல்லிசாக இருப்பதால் பிளேடு தேயத் தேய வாய்க்கும் பிளேடுக்கும் நடுவே இடைவெளி கூடும். சுருள் சீராக வராமல் மரம் பிய்யும். அதற்குப் பிளேடை மாற்ற வேண்டியதில்லை. பிளேடுக்குப் பின்னால் ஓர் அட்டைத் துண்டோ பழைய செருப்புத் தோலோ வைத்து ஆப்பை இறுக்கினால் போதும். அதுவும் போதாவிட்டால் வாயில் ஒரு மரத்துண்டைப் பதித்து ஒட்ட வேண்டும்.

எங்கள் பெட்டியில் இருந்த நாலில் ஒன்று உருக்கு தீர்ந்து போனது. ஒன்று முனை நீலம், அதை இந்த லீவில் சரி செய்யப் போகிறோம். மீதி இரண்டில் உருக்கு இன்னும் ரெண்டு விரல் அகலத்துக்கு இருக்கிறது. கட்டைகள் கறையான் அரித்துப் போனதால் பூவரசில் புதுசாக ஒன்று அப்பா குடைந்து கொண்டிருக்கிறார்.